உடல் பருமன் பட்டியலுக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழில் நாடுவாரியாக உடல் பருமன் பட்டியல் ஒன்று வந்திருந்தது. அமெரிக்கா 42 சதவீதம், இந்தியா 24, ஜப்பான் 5-க்குள் என்று வரிசையாகப் போட்டு, பக்கத்திலேயே ஒரு கட்டம் கட்டி ‘கேரளத்தை முந்தியது தமிழ்நாடு’ என்றும் எழுதியிருந்தீர்கள். கேரள எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் அன்று டீக்கடை முதல் ரேஷன் கடை வரை இதே பேச்சுதான். பொள்ளாச்சியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம், “உங்க ஊர்ப் பொம்பளைங்கதான் குண்டாமே?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்கள்.

நான் நர்சிங் படித்தவள். சித்தூர் தாலுகாவில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்) வீடு வீடாகப் போய் ஆட்களை நிறுத்தி எடையும் உயரமும் எடுக்கும் வேலையைச் சில ஆரோக்கியக் கணக்கெடுப்புகளில் செய்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு எண்ணும் எங்கோ ஓரிடத்தில் சரியானதுதான். ஆனால் அவற்றை ஒரே வரிசையில் நிறுத்தியது சரியில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உயரத்தை மீட்டரில் எழுதி அதை அதாலேயே பெருக்கி, கிலோவில் உள்ள எடையை அந்தத் தொகையால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 25-ஐத் தொட்டால் அதிக எடை, 30-ஐத் தொட்டால் உடல் பருமன். நீங்கள் இந்தியாவுக்குப் போட்ட 24, 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் பிஎம்ஐ 25-ம் அதற்கு மேலும் இருந்த பெண்கள் எல்லோரையும் சேர்த்தது. அமெரிக்காவின் 42-ல் இருப்பவர்களோ 30-ஐத் தாண்டியவர்கள் மட்டும். அதே 30-ஐ நமக்கும் வைத்தால் இந்தியப் பெண்களில் 6.4 சதவீதம், ஆண்களில் 4 சதவீதம்தான். நம்முடைய 25-ஐக் கொண்டுபோய் அமெரிக்காவில் வைத்தாலோ அங்கே கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் உள்ளே வந்துவிடுவார்கள். ஜப்பானில் மருத்துவர்கள் 25-லேயே உடல் பருமன் என்று எழுதுகிறார்கள். அந்த அளவில் 2019-ல் அவர்களுடைய ஆண்களில் 33 சதவீதம், பெண்களில் 22.3 சதவீதம். உங்கள் பட்டியலில் இருந்த ஜப்பான், 30 என்ற கோட்டில் பார்த்த ஜப்பான்.

நம் நாட்டுக்கு மூன்றாவது எண் ஒன்றும் உண்டு. சென்னையில் உள்ள சர்க்கரை நோய் ஆராய்ச்சி மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 28.6 சதவீதம் பேருக்கு உடல் பருமன் என்றது. அவர்கள் 20 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் எடுத்தார்கள், கோட்டை 25-ல் வைத்தார்கள். குறைந்த எடையிலேயே நம் ஆட்களுக்குச் சர்க்கரை நோய் வந்துவிடுகிறது என்பதால், இந்திய மருத்துவர்கள் 2009-லேயே ஒன்றுகூடி அந்த அளவைத்தான் வகுத்தார்கள். ஆக 6.4, 24, 28.6 மூன்றும் ஒரே நாட்டைப் பற்றிச் சொன்னவைதான். எந்தக் கோடு, எந்த வயது என்று சொல்லாமல் இதில் ஏதாவது ஒன்றை உருவிப் போட்டால் வாசகர் என்ன செய்வார்?

அப்புறம், அளந்தார்களா, கேட்டு எழுதிக்கொண்டார்களா என்ற கேள்வி. அமெரிக்காவிலேயே இரண்டு விதமும் நடக்கிறது. ஒன்றில் பெரிய வண்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோய், ஆட்களை உள்ளே வரவழைத்து அளக்கிறார்கள். 42 அதிலிருந்து வந்தது. இன்னொன்றில் தொலைபேசியில் கூப்பிட்டு “உங்கள் எடை என்ன, உயரம் என்ன?” என்று கேட்கிறார்கள். அதில் உடல் பருமன் எப்போதும் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் எந்த ஊரிலும் மனிதர்கள் உயரத்தைக் கொஞ்சம் கூட்டியும் எடையைக் கொஞ்சம் குறைத்தும்தான் சொல்வார்கள். பல பணக்கார நாடுகளின் எண்கள் இப்படிக் கேட்டு எழுதியவை. பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு வெளியிடும் ஒப்பீட்டில் அளந்த நாடுகளையும் கேட்டெழுதிய நாடுகளையும் பிரித்தே காட்டுவார்கள். உங்கள் பட்டியலில் அந்தப் பிரிவு இல்லை.

இது சின்ன வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். 150 சென்டிமீட்டர் உயரம், 57 கிலோ எடை உள்ள பெண்ணின் பிஎம்ஐ 25.3. அவரே வாயால் 153 சென்டிமீட்டர், 55 கிலோ என்று சொன்னால் 23.5. கோட்டுக்கு மேலே இருந்தவர் கீழே இறங்கிவிடுகிறார்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். உயரப் பலகையில் குதிகால், பிட்டம், தோள்பட்டை, பின்னந்தலை நாலும் பட்டு நிற்க வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். மேலிருந்து இறக்கும் கட்டை முடியை அழுத்தி மண்டையில் பட வேண்டும். எங்கள் பக்கம் பெண்கள் தலை நிறைய எண்ணெய் வைத்து உச்சியில் கொண்டை முடிந்திருப்பார்கள். “அவிழ்க்கணும் அக்கா” என்றால், பார்த்துக்கொண்டிருக்கும் மாமனார் முன்னால் அவிழ்க்கக் கூச்சப்படுவார்கள். அவரை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திவிட்டுத்தான் எடுப்போம். கொண்டையோடு அளந்தால் மூன்று சென்டிமீட்டர் கூடிவிடும். மேலே சொன்ன அதே பெண், எடை 57-ஆகவே இருந்தாலும், பிஎம்ஐ 24.3 ஆகிக் கணக்கிலிருந்து நழுவிவிடுவார். எடை மெஷின் மேடு பள்ளமான தரையில் சரியாகக் காட்டாது. நடு வீட்டில் வைக்காமல் சிமெண்ட் திண்ணைக்குத் தூக்கிக்கொண்டு வருவோம். கொலுசு, இடுப்புச் சாவிக்கொத்து, ஆண்கள் என்றால் மடியில் இருக்கும் போன், எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்து ஒரு ஊரில் 22 வீடு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

யார் அகப்படுவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கள் இறக்குபவர்கள் விடியுமுன்னே தோப்புக்குப் போய்விடுவார்கள், திரும்பி வந்தால் தூங்குவார்கள். அவர்களுக்காகவே மறுபடி மறுபடி போக வேண்டியிருக்கும். உடம்பு கனத்தவர்களில் சிலர் மெஷினில் ஏறவே மாட்டேன் என்பார்கள், வற்புறுத்த முடியாது. கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்று இரண்டு மாதம் ஆகாதவர்களையும் பிஎம்ஐ கணக்கில் சேர்ப்பதில்லை, அது சரிதான். ஆனால் குடும்ப நலக் கணக்கெடுப்பின் பிஎம்ஐ எண்ணில் வருபவர்கள் 15 முதல் 49 வயது வரை மட்டுமே. ஐம்பது வயதுக்கு மேல் மூட்டு வலியோடு நடக்கும் என் அம்மா வயதுப் பெண்கள் அதில் கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கேரளத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் 12.6 சதவீதம், நாடு முழுவதற்கும் 8.6. வயது மூத்த நாட்டையும் இளமையான நாட்டையும் ஒப்பிடும்போது வயதைச் சமன்செய்துதான் பார்க்க வேண்டும். 2024-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த உலக ஆய்வு அப்படித்தான் செய்தது. 2022-ல் உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் உடல் பருமனோடு வாழ்கிறார்கள் என்று சொன்ன அந்த ஆய்வு, நேரில் அளந்த தரவுகளைத்தான் எடுத்துக்கொண்டது.

சரி, கேரளம், தமிழ்நாடு விஷயத்துக்கு வருகிறேன். இரண்டும் அதே 2019–21 குடும்ப நலக் கணக்கெடுப்பின் எண்கள். இங்கே கோடும் ஒன்று (25), வயதும் ஒன்று, முறையும் ஒன்று; ஒப்பிடலாம். பெண்களில் தமிழ்நாடு 40.4, கேரளம் 38.1. ஆண்களில் 37.0, 36.4. ஆனால் கேரளத்தில் அந்தச் சுற்றுக்குப் பேட்டி எடுத்த ஆண்கள் மொத்தமே ஆயிரத்து ஐந்நூறுக்குள்தான். இத்தனை பேரை வைத்து அரை சதவீதத்தை ‘முந்தியது’ என்று சொல்ல முடியாது. வேறு வீடுகள் தேர்வாகியிருந்தால் வரிசை மாறியிருக்கும். மேலும், கேரளத்தில் 2019-லேயே களப்பணி முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் கொரோனா ஊரடங்குக்கு முன்னால் ஒரு பகுதி, பின்னால் மீதி. மாதக்கணக்கில் வீட்டில் அடைந்து கிடந்த பிறகு ஏறிய எடை அதில் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தலைப்பாகியிருக்க வேண்டியது வேறு. அதே கணக்கெடுப்பின் முந்தைய சுற்றில், 2015–16-ல், தமிழ்நாட்டுப் பெண்கள் 30.9, கேரளப் பெண்கள் 32.4. மாநில எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஐந்தாறு வருடத்துக்குள் இப்படி ஏறியிருக்கிறது. இரண்டு பக்கமும் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க நிற்கும் வரிசை நீண்டுகொண்டே போகிறது. யார் முன்னால், யார் பின்னால் என்று நாம் பேசிக்கொண்டிருந்தால், இந்தக் கஷ்டத்தைப் பேச ஆள் இருக்காது.

இனி இப்படிப் பட்டியல் போடும்போது கீழே இரண்டு வரி சேருங்கள்: எந்த ஆண்டு, எந்த வயது, கோடு 25-ஆ 30-ஆ, அளந்ததா கேட்டதா. அறிக்கைகளின் முதல் பக்கங்களிலேயே இதெல்லாம் இருக்கிறது. முடிந்தால் இடுப்பளவையும் போடுங்கள். 2019–21 சுற்றில் எங்களைப் போன்றவர்கள் டேப் வைத்து இடுப்பையும் பிட்டத்தையும் அளந்தார்கள். இடுப்புச் சுற்றளவைப் பிட்டச் சுற்றளவால் வகுத்து வரும் விகிதம் ஆபத்தான அளவில் இருந்த பெண்கள் இந்தியாவில் 56.7 சதவீதம், ஆண்கள் 47.7 சதவீதம். பிஎம்ஐ 25-க்குள் இருந்து தப்பித்தவர்களில் எத்தனையோ பேர் இதில் அகப்படுகிறார்கள். இந்த எண்ணை இதுவரை உங்கள் பக்கங்களில் நான் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.