தடைக்காலம் முடிவதற்குள் வா

மண்டபம்,
ஏப்ரல் 25

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். அத்தைக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் பத்து நாளாகிறது. விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிறது, மராமத்து வேலை நடக்கிறது.

போனில் பாதியில் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பையன் ஒருவன், பொங்கலுக்கு அப்புறம் கேள்வி கேட்டால் வாயே திறப்பதில்லை. பயம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கிட்டே போய்ப் பார்த்தால் கீழுதட்டுக்குள் புகையிலைப் பை. எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. அது என் தப்பு மாப்ள, இன்னும் உறுத்துகிறது.

நாலாம் நாள் வீட்டுக்குப் போனேன். லீவில் சித்தப்பாவோடு நாட்டுப்படகில் போயிருக்கிறான். ராத்திரி வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும்போது கண் சொக்கியிருக்கிறது. "இதை அதக்கிக்கோ, தூக்கமும் வராது, பசியும் தெரியாது" என்று ஒருவர் கொடுத்திருக்கிறார். முதல் தடவை தலை சுற்றி வாந்தி. அப்புறம் பழகிவிட்டது. பெரிய ஆட்களோடு சமமாக உட்கார்ந்த சந்தோஷம் அவனுக்கு. நாங்கள் பள்ளிச் சுவரில் ஒட்டுகிற புற்றுநோய்ப் படம் அந்தப் படகுக்குள் போய்ச் சேரவே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது, பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003-லேயே சொல்லியாயிற்று. பிள்ளை கையில் புகையிலையைக் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. எங்கள் பள்ளியைச் சுற்றியும் மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம். பையன் பழகியதோ கடலுக்குள்.

அவன் அப்பா வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். "ராப்பகலா கடல்ல கிடக்கிறவனுக்கு இதுதான் சார் துணை. ஆனா பய போடக் கூடாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே மெதுவாகச் சொன்னார்: "கடைக்கு அவனைத்தான் சார் அனுப்புறேன்." இனி அனுப்பமாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். நான் எத்தனை வகுப்பு எடுத்தாலும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது.

பையன் திரும்ப வந்தான். முதல் வாரம் தலைவலி, எரிச்சல், யாரைப் பார்த்தாலும் கோபம். நிக்கோட்டின் இறங்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரான நீ சொன்னதால் பொறுமையாக இருக்க முடிந்தது. ஆசை வந்தால் கொஞ்ச நேரம் தள்ளிப்போடு, அது தானாக அடங்கும் என்று சொல்லி, பையில் பொட்டுக்கடலை போட்டுக் கொடுத்தேன். புகையிலையை விட உதவுகிற 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கும் என் போனிலிருந்தே பேச வைத்தேன். நடுவில் இரண்டு தடவை தவறினான். அவனே வந்து சொன்னான், நான் திட்டவில்லை. இப்போது ஒரு மாதமாகத் தொடவில்லை.

ஆனால் உதட்டின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு தழும்பு இருக்கிறது. நீ பார்த்தால் நிம்மதியாக இருக்கும். வகுப்பில் இன்னும் நாலைந்து பேர் இருப்பதாக அவனே சொல்கிறான்.

அதனால்தான் கேட்கிறேன், ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு நாள் மதுரையிலிருந்து வந்துவிட்டுப் போயேன். 14ஆம் தேதி வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்பாமார்கள் கரையில் இருப்பார்கள். அவர்கள் வாயையும் பிள்ளைகள் வாயையும் சேர்த்தே பார்த்துவிடலாம். மதியச் சாப்பாடு நம் வீட்டில்.

என்றும் உன்,
மாப்பிள்ளை