எத்தனை இனம் என்று மட்டும் கேட்காதீர்கள்

உயிரியல் பன்மை உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

வெளியிலிருந்து வந்து உள்ளூர் உயிர்களை நெருக்கும் அயல் ஊடுருவி இனங்கள் புதிதாக வந்து வேரூன்றும் வேகத்தை 2030-க்குள் பாதியாவது குறைப்பது என்று 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் முடிவெடுத்தீர்கள். தாமதம்தான், ஆனாலும் நல்ல முடிவு. அதோடு இன்னொரு கணக்கையும் நீங்கள் வைக்க வேண்டும்: உலகின் ஒவ்வோர் இடமும் மற்ற இடங்களைப் போலவே எவ்வளவு தூரம் ஆகிவிட்டது?

இனங்களின் எண்ணிக்கை இதைக் காட்டாது. இரண்டு தீவுகள், ஒவ்வொன்றிலும் 10 இனங்கள், ஒன்றுகூடப் பொதுவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தீவிலும் 4 அழிகின்றன. வெளியிலிருந்து ஒரே மாதிரியான 5 இனங்கள் இரண்டுக்கும் வந்து சேர்கின்றன. இப்போது தீவுக்கு 11. தனித்தனியே அறிக்கை எழுதினால் இருவருமே முன்னேற்றம் என்று எழுதலாம். சேர்த்து எண்ணினால் 20 இருந்த இடத்தில் 17. அதிலும் 5 மற்ற இடங்களிலும் கிடைப்பவை.

இது ஏட்டுக்கணக்கு மட்டுமில்லை. பசிபிக் கடலில் 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமான இடைவெளியில் இருக்கும் ஹவாயையும் மூரேயாவையும் பாருங்கள். இரண்டிலும் வேறெங்குமில்லாத மரநத்தைகள் இருந்தன. ஹவாயில் அகட்டினெல்லா, மூரேயாவில் பார்டுலா. இரண்டு இடத்துக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தை போய்ச்சேர்ந்து பயிரைத் தின்றது. அதை ஒழிக்க, மற்ற நத்தைகளை வேட்டையாடும் ஒரு நத்தையை ஹவாயில் 1955-லும் மூரேயாவில் 1977-லும் வேண்டுமென்றே விட்டார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு உள்ளூர் மரநத்தைகளைத் தின்றது. பத்தாண்டுகளுக்குள் மூரேயாவின் காடுகளில் பார்டுலா ஏறக்குறைய இல்லாமல் போனது. ஹவாயில் எலிகளுக்கும் ஓடு சேகரித்தவர்களுக்கும்கூட இதில் பங்குண்டு. வெளியிலிருந்து வந்த இரண்டு நத்தைகளோ இரு இடங்களிலும் இருக்கின்றன. வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டதால்தான் இப்படியெல்லாம் ஆனது என்பது எனக்கு இன்னும் எரிச்சலாகவே இருக்கிறது.

எந்த இனமும் அழியாமலேகூட இடங்கள் ஒன்றுபோல ஆகிவிடும். அமெரிக்காவின் ஒட்டியமைந்த 48 மாநிலங்களின் மீன்களை, ஐரோப்பியர் குடியேறுவதற்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டு மீன் ஆய்வாளர் ஃபிராங்க் ரேஹல் 2000-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பொதுவாக ஒரு மீன்கூட இல்லாதிருந்த 89 மாநில இணைகளில் அந்த ஆய்வின்போது சராசரியாக 25 இனங்கள் பொதுவாக இருந்தன. பெரும்பாலும் தூண்டில் பொழுதுபோக்குக்கும் சாப்பாட்டுக்கும் மனிதர்களே கொண்டுபோய் விட்டவை. எண்ணிக்கைப்படி பார்த்தால் இதுவும் வளர்ச்சிதான்!

சரி, என்ன செய்யலாம்? நாட்டு அறிக்கைகளில் உள்ளூர் இனங்களையும் அயல் இனங்களையும் ஒரே கூட்டுத்தொகையில் போடாதீர்கள். ஒரு நாட்டின் பகுதிகள் தங்களுக்குள்ளும் அண்டை நாடுகளோடும் எத்தனை இனங்களைப் பகிர்கின்றன என்பதற்கு ஓர் அட்டவணை வையுங்கள். பூச்சிகளையோ நத்தைகளையோ கட்டுப்படுத்தவென்று எந்த வேட்டையாடியை விடுவதற்கும் முன்னால் அண்டை நாடுகளின் சம்மதத்தைக் கேளுங்கள்; எல்லைக்கோடு அவற்றுக்குத் தெரியாது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி வேறு துறைமுகத்தில் கொட்டும் நிலைநிறுத்த நீரோடும் அயல் உயிர்கள் பரவுகின்றன; அதைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் 2004-ல் ஏற்கப்பட்டு 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த வேகம் இதற்கு உதவாது.

எல்லா உயிர்களையும் ஒரே நாளில் எண்ண முடியாதுதான். நன்னீர் மீன்களோடு தொடங்குங்கள். பழைய பதிவுகள் பல நாட்டு அருங்காட்சியகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. அடுத்த அறிக்கைக்குள் முதல் அட்டவணையைப் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கைகளைப் படிக்கும் ஒருவர்