நான்காவது முனையம் ராயபுரத்தை விட்டுப் போகக் கூடாது: தெற்கு ரயில்வே பொது மேலாளருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பகுதிப் பொதுமக்கள்,
சென்னை.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
தெற்கு ரயில்வே தலைமையகம்,
சென்னை – 600 003.

பொருள்: சென்னையின் நான்காவது ரயில் முனையத்தை ராயபுரத்திலேயே அமைக்கவும், 1856-ஆம் ஆண்டு நிலையக் கட்டடத்தைப் பயணிகள் பயன்பாட்டுக்குத் திறக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று எங்கள் ஊரிலிருந்துதான் ராணிப்பேட்டை பக்கத்து வாலாஜா ரோடு நிலையத்துக்குப் புறப்பட்டது. அதற்கு மூன்று நாள் முன்னால், ஜூன் 28 அன்று, கவர்னர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்துவைத்தார். பம்பாய் போரிபந்தரிலும் ஹவுராவிலும் இதற்கு முன்பே ரயில் ஓடியது உண்மைதான். ஆனால் அங்கே அன்று எழுப்பிய கட்டடங்கள் இன்று இல்லை. எங்கள் நிலையம் நிற்கிறது. இந்த வரலாற்றை ரயில்வேக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த ஊரை விட்டு ஒவ்வொன்றாகப் போனவற்றைச் சொல்லத்தான் இந்த மனு.

1873-இல் சென்ட்ரல் திறந்தது, வெளியூர் வண்டிகள் நாளடைவில் அங்கே போயின. எம்.எஸ்.எம். (மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா) ரயில்வேயின் தலைமையிடம் என்ற பெருமையும் 1922-உடன் முடிந்தது. இப்போது புறநகர் மின்சார ரயில்கள் நின்று போகின்றன, அவ்வளவுதான். சென்ட்ரல், எழும்பூர், தாம்பரம் ஆகிய மூன்றுக்கும் அடுத்த முனையம் ராயபுரத்தில் வரும் என்று பல ஆண்டுகளாக நம்பியிருந்தோம். அதுவும் பெரம்பூருக்குப் போகிறது என்று செய்தித்தாள்களில் படிக்கிறோம். பெரம்பூர் எங்களுக்குப் பகையூர் அல்ல. எங்களில் பலருக்கு அங்கேதான் சம்பந்தி வீடு. அங்கே வசதிகளைப் பெருக்குவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ராயபுரத்துக்கென்று பேசப்பட்டது ராயபுரத்துக்கு வர வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

இதைப் பாசத்தால் மட்டும் கேட்கவில்லை. தண்டவாளம் போகிற போக்கைப் பாருங்கள். எங்கள் நிலையத்திலிருந்து கொருக்குப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி, கூடூர் பக்கம் போகலாம். வியாசர்பாடி ஜீவா வழியாக அரக்கோணம் பக்கம் போகலாம். தெற்கே பீச் (சென்னைக் கடற்கரை) நிலையம் வழியாக எழும்பூர், தாம்பரம் போகலாம். மூன்று திசைக்கும் வண்டியைத் திருப்பாமலே அனுப்பக்கூடிய இடம் இது. பெரம்பூரில் முனையம் அமைந்தாலும், அங்கிருந்து தென்மாவட்டங்களுக்குக் கிளம்புகிற ரயில், அரக்கோணம், காஞ்சிபுரம் என்று சுற்றினாலொழிய, எங்கள் நடைமேடையைக் கடந்துதான் பீச்சுக்குப் போக வேண்டும். எங்கள் கண்முன்னே ஓடப்போகிற அந்த வண்டியில் ஏறுவதற்கு நாங்கள் பெரம்பூருக்கோ எழும்பூருக்கோ மூட்டை முடிச்சோடு போக வேண்டியிருக்கும்.

பீச்சுக்கும் எழும்பூருக்கும் நடுவில், புறநகர் ரயில்களுக்கான இரண்டு பாதைகள் போக, வெளியூர் வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் சேர்த்து ஒரே பாதைதான் இருந்தது. ராயபுரத்திலிருந்து தெற்கே ரயில் விட முடியாது என்பதற்கு அது நியாயமான காரணமாகவும் இருந்தது. இப்போது அங்கே நான்காவது பாதை போட்டாகிவிட்டது. அந்த வேலைக்காக 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை பறக்கும் ரயில் பீச் வரை வராமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. வேளச்சேரி, திருவான்மியூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் பதினான்கு மாதம் மாற்று வழி தேடி அலைந்தார்கள். அந்தப் பாதையின் பலன் வடசென்னைக்கும் கிடைக்க வேண்டாமா? மின்சார எஞ்சின்களைப் பராமரிக்கும் எலெக்ட்ரிக் லோகோ ஷெட் ராயபுரத்திலேயே இருக்கிறது, பெட்டிகளைப் பராமரிக்கும் பேசின் பிரிட்ஜ் யார்டும் தொலைவில் இல்லை. ரயில்வேக்கு இங்கே 72 ஏக்கர் நிலம் இருப்பதாகச் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. துறைமுகச் சரக்குப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் வரும் என்றால், அதை அளந்து பார்த்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளில் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். தீபாவளிக்கு முந்தின இரவு கடை அடைத்த பிறகுதான் அவர்களால் ஊருக்குக் கிளம்ப முடியும். அந்த நேரத்தில் தாம்பரம் போய் வண்டி பிடிப்பது எப்படி இருக்கும் என்பதைத் தாங்களே நினைத்துப் பார்க்கலாம். ஸ்டான்லி மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து வரும் நோயாளிகளும் எங்கேயோ இறங்கி, பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துத்தான் வருகிறார்கள். காசிமேட்டு மீன் வியாபாரத்தைப் பற்றித் தனியாகவே ஒரு மனு எழுதலாம்.

பழைய கட்டடத்தை 2005-இல் செப்பனிட்டுக் கொடுத்ததற்கு நாங்கள் நன்றியுடையவர்கள். அந்தக் கொரிந்தியத் தூண்களைப் படமெடுக்க வெளியூரிலிருந்தும் வருகிறார்கள். ஆனால் டிக்கெட் கவுண்டரும் காத்திருப்புக் கூடமும் இல்லாமல் ரயில் நிலையத்தை எத்தனை நாள் வெறும் நினைவுச்சின்னமாக வைத்திருப்பது? முனையத்தின் நடைமேடைகளைக் காலி நிலத்தில் கட்டி, பழைய கட்டடத்தை இடிக்காமல், மறைக்காமல் அதன் முகப்பாக வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, ராயபுரம், பெரம்பூர் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் ஆய்வறிக்கையைத் தமிழில் வெளியிட்டு, இறுதி முடிவுக்கு முன் எங்கள் பகுதியிலேயே ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். முனையம் எழும் வரை, பீச் வழியாகப் போகும் வெளியூர் ரயில்களில் இரண்டொன்றுக்காவது ராயபுரத்தில் இரண்டு நிமிட நிறுத்தம் தர வேண்டுகிறோம்.

தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும். பீச்சிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் நாங்கள்தான்.

இடம்: ராயபுரம், சென்னை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ராயபுரம் சுற்றுவட்டாரப் பொதுமக்கள்

இணைப்பு: கையெழுத்துப் படிவங்கள்