யூபிலி ஆண்டு முடியுமுன் வரி பாக்கியைத் தள்ளுபடி செய்யுங்கள்: நம் பங்குத்தந்தைக்கும் பங்குப்பேரவைக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப்பேரவை உறுப்பினர்களுக்கும்,

கிறிஸ்துவில் அன்பு வணக்கம். சென்ற மாதம் நம் பங்கில் நடந்த அடக்கத்தின்போது வரி பாக்கி பற்றி எழுந்த பேச்சு உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைக் கிளறி யாரையும் தலைகுனிய வைப்பது என் நோக்கமன்று. கத்தோலிக்கத் திருஅவை இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை மன்னிப்பின் ஆண்டாகக் கொண்டாடும் யூபிலி, மறைமாவட்டங்களில் 2025 டிசம்பர் 28-ஆம் நாள் நிறைவு பெறுகிறது. அதற்குள் நம் பங்கில் ஒவ்வொரு குடும்பமும் கோவிலுக்குக் கட்டும் தலைக்கட்டு வரியில் நிலுவையில் உள்ள பாக்கி அனைத்தையும் தள்ளுபடி செய்ய வேண்டும், இனி எந்த வீட்டு அடக்கத்தையும் வரி நோட்டோடு முடிச்சுப் போடக் கூடாது என்று கேட்கவே எழுதுகிறேன்.

இறந்த அம்மா பீடி சுற்றியே பிள்ளைகளை ஆளாக்கியவர். கை ஓடிய காலமெல்லாம் அவர் வரி தவறியதில்லை என்பதை அதே நோட்டின் பழைய பக்கங்கள் சொல்லும். படுக்கையில் விழுந்த பிறகுதான் பாக்கி ஏறியது. விடியற்காலையில் உயிர் பிரிந்தும், வழக்கமாக உடனே அடிக்கும் துக்க மணி நண்பகல் நெருங்கும் வரை அடிக்கவில்லை. பாக்கியைக் கட்டி ரசீது வாங்கி வந்தால்தான் மணியடிக்கவும் குழி வெட்டவும் சொல்ல முடியும் என்று மகனுக்குப் பதில் கிடைத்திருந்தது. கேரளத்தில் கொத்தனார் வேலை பார்க்கும் அந்தப் பிள்ளை, தாயின் உடலை வீட்டில் கிடத்திவிட்டு, மனைவியின் கம்மலைக் கையில் வைத்துக்கொண்டு அடகுக் கடை திறப்பதற்காகக் காத்து நின்றார். பிறகு வந்த ரசீதை நான் பார்த்தேன். செலுத்தியவர் என்ற இடத்தில், அந்நேரம் இன்னும் பெட்டியில்கூட வைக்கப்படாமல் கிடந்த அந்த அம்மாவின் பெயர் எழுதப்பட்டிருந்தது.

இது நடந்தது யூபிலி ஆண்டில், கோவில் முகப்பில் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்ற பதாகை தொங்கிக்கொண்டிருக்கும்போது.

இந்த ஆண்டை நம் பங்கு அக்கறையில்லாமல் கழித்ததாக நான் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் யூபிலி செபம் சொன்னோம். அன்பியம் என்னும் அண்டை வீட்டாரின் செபக் குழு வாரியாகப் பேருந்து பிடித்து மறைமாவட்டப் பேராலயத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் போய் வந்தோம். பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வரிசையில் நின்றோம். ஆனால் பாவத் தண்டனையிலிருந்து திருஅவை அளிக்கும் விடுதலையான நிறைபேறுபலன் குறித்து 2024 மே மாதம் உரோமையிலிருந்து வந்த ஆணை, புனித இடங்களுக்குச் செல்வதை மட்டும் சொல்லவில்லை. நோயுற்றோரையும் தனித்து வாழும் முதியோரையும் தேடிப் போவது, அவர்களில் இருக்கும் கிறிஸ்துவை நோக்கிய திருப்பயணமே என்கிறது. அதே ஆணை நினைவூட்டும் இரக்கச் செயல்களில் இறந்தோரை அடக்கம் செய்வதும் ஒன்று. படுத்த படுக்கையாகக் கிடந்த அந்த அம்மாவைப் பார்க்க நம்மில் எத்தனை பேர் போனோம்? இறந்த பிறகு போனபோதும் நோட்டோடு அல்லவா போனோம்!

லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தை இந்த ஆண்டு பலமுறை வாசிக்கக் கேட்டிருக்கிறோம். ஐம்பதாம் ஆண்டில் விற்ற நிலம் உரியவருக்குத் திரும்ப வேண்டும், வறுமையால் அடிமைப்பட்டவர் தம் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டளை அதில் இருக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், யூபிலி அறிவிப்பு மடலில் அதை நினைவூட்டி, திருப்பிச் செலுத்தவே இயலாத ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுமாறு செல்வ நாடுகளைக் கேட்டார். இது தாராள மனத்தைவிட நீதியைச் சார்ந்தது என்றும் எழுதினார். நாடுகளின் கடனுக்காகத் திருத்தந்தை மன்றாடிய ஆண்டில், ஒரு கைம்பெண்ணின் வரி பாக்கியை நம்மால் விட முடியவில்லை என்பதை எந்த மனத்தோடு ஏற்பது?

திருஅவைச் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. வறுமையின் காரணமாக எவரும் அருட்சாதனங்களை இழந்துவிடக் கூடாது என்கிறது 848-ஆம் எண். அடக்கச் சடங்கில் ஆள் பார்க்கக் கூடாது, ஏழைகளுக்கு உரிய அடக்கம் மறுக்கப்படக் கூடாது என்கிறது 1181-ஆம் எண். 'ஊர் வழக்கம்' என்று நீங்கள் சொல்லும் பதில் இதற்கு மேலே நிற்க முடியாது.

கோவிலை நடத்தப் பணம் வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. உபதேசியாரின் சம்பளமும் மின்கட்டணமும் வானத்திலிருந்து வருவதில்லை. கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கத்தான் வேண்டும், நானும் கொடுக்கிறேன். ஆயினும் திருவிழாவில் ஓர் இரவு வாணவேடிக்கைக்கு ஆகும் செலவைக் கேள்வி கேட்காத நாம், இல்லாதவர்களின் பெயர்களை மட்டும் பாக்கிப் பட்டியலாக அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். திருமண அறிவிப்பான ஓலைக்கும் ஞானஸ்நானச் சான்றிதழுக்கும் அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகே கையெழுத்து என்றாகிவிட்டது. வெளியூர் வேலைக்குப் போன இளைஞர்கள் ஊர்க் கோவிலை நினைக்கும்போது முதலில் நினைவுக்கு வருவது வரிதான் என்ற நிலைக்கு நாமே அவர்களைக் கொண்டுவந்துவிட்டோம். ஆத்திரத்தில் சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள்; கோரிக்கையை மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

யூபிலிக்காகத் திறக்கப்பட்ட வத்திக்கான் புனித பேதுரு பெருங்கோவிலின் புனிதக் கதவு 2026 ஜனவரி 6 அன்று மூடப்படுகிறது. அதற்குமுன் நம் பங்கு செய்யக்கூடிய யூபிலிச் செயல் ஒன்று கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. டிசம்பர் 28 வரையுள்ள பாக்கி அனைத்தையும் தள்ளுபடி செய்து, பலகையிலுள்ள பட்டியலைக் கழற்றி, வரி கட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் துக்க மணியும் அடக்கத் திருப்பலியும் கல்லறை இடமும் எல்லோருக்கும் உண்டு என்று பேரவை தீர்மானம் எழுத வேண்டும். அந்த மகன் கட்டிய தொகையையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவர் இன்னும் கம்மலை மீட்கவில்லை.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொண்டு, முடிவை ஞாயிறு திருப்பலியில் எல்லோரும் கேட்க வாசிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இறையன்பில்,
பங்கு மக்களில் ஒருவர்