சனிக்கிழமையும் பள்ளிக்கு வரும் பிள்ளைகள்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் சில பிள்ளைகள் இரண்டு மாதமாக வீட்டுக்குத் தாமதமாக வருகிறார்கள், சனிக்கிழமையும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், அங்கே அப்படி என்னதான் நடக்கிறது என்று உங்களில் சிலர் நேரில் வந்து கேட்டீர்கள். கேட்டது நியாயம்தான். முன்னமே நான் சொல்லியிருக்க வேண்டும்.

வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுப்பது பற்றி ஆய்வு செய்கிறார்கள். முப்பந்தல் காற்றாலைகளின் காத்தாடிகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஆனால் எவ்வளவு காற்று அடித்தால் எவ்வளவு மின்சாரம் வரும் என்று கேட்டால் போன வருஷம் வரை ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மாடியில் இரண்டு சின்ன சோலார் பேனல் வைத்திருக்கிறோம். ஒன்றைத் தினமும் துடைப்பார்கள், இன்னொன்றைத் தூசியோடு அப்படியே விட்டுவிடுவார்கள். காலை 9 மணிக்கும் மதியம் 12 மணிக்கும் பேனலில் வரும் மின்சாரத்தை மல்டிமீட்டர் என்ற அளவுக் கருவியில் அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓடிவந்து, "சார், மீட்டர் கெட்டுப்போச்சு, மதிய வெயில்ல வோல்டேஜ் கம்மியா காட்டுது" என்றாள். பேட்டரி மாற்றிப் பார்த்தாள், அதே அளவுதான். மீட்டர் கெடவில்லை. பேனலின் திறனைக் கம்பெனியில் கணக்கிடுவது 25 டிகிரி வெப்பத்தில், நம் மாடியில் மதியம் பேனலின் சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும், ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் வோல்டேஜ் இறங்கி, திறன் சுமார் 0.4 சதவீதம் குறையும். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு இல்லை. இதை நான் வகுப்பில் சொல்லியிருந்தால் தேர்வு முடிந்ததும் மறந்திருப்பாள். இப்போது அவளே மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் காற்றின் வேகத்தை அளக்கிறார்கள். பிளாஸ்டிக் பந்தைப் பாதியாக வெட்டி, சைக்கிள் கம்பியில் நான்கு கிண்ணம் போலக் கட்டி, எண்ணுவதற்கு வசதியாக ஒன்றுக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றில் இருக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும், அதனால்தான் வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் காற்றுக்கு இந்தப் பக்கம் இத்தனை மதிப்பு. சரி, ஒரு நிமிடத்தில் இத்தனை சுற்று என்றால் எத்தனை கிலோமீட்டர் வேகம்? அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்கள் உதவி வேண்டும். காற்று ஓய்ந்திருக்கும் அதிகாலையில், பள்ளி மைதானத்துக்குள் மட்டும், அப்பாவோ சித்தப்பாவோ ஒருவர் பைக்கை 10, 20 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்ட வேண்டும், பின்னால் அந்தக் கிண்ணக் கருவியோடு உட்கார்ந்து பிள்ளை சுற்றுகளை எண்ணும். இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். வர முடிந்தவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். தயவுசெய்து கடையில் ரெடிமேட் மாடல் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஸ்விட்சைப் போட்டால் பல்பு எரியும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் உங்கள் பிள்ளை எதையும் தேடவில்லை. 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு இவர்களில் சிலரை அனுப்ப நினைக்கிறேன். அங்கே தினக்குறிப்பு நோட்டையும் பார்ப்பார்கள். அந்த நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கட்டும், நினைத்த விடை வராத நாளும் இருக்கட்டும். வீட்டில் உட்கார்ந்து அழகாகத் திரும்ப எழுத வைக்காதீர்கள், எண்களை மாற்றச் சொல்லவும் வேண்டாம். தூசி பேனலில் முதல் வாரம் பெரிய வித்தியாசமே வரவில்லை, அதையும் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

படிப்பு கெடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. இனி மாலை 5:30 மணிக்கு மேல் யாரையும் நிறுத்த மாட்டோம், பரீட்சைக்கு முந்தின இரண்டு வாரம் அளவெடுக்கும் வேலையை ஆசிரியர்களே பார்த்துக்கொள்வோம். பெண் பிள்ளைகளை அழைத்துப்போக ஆள் வரும்வரை ஓர் ஆசிரியை கூடவே இருப்பார்.

வரும் சனிக்கிழமை மதியம் 12 மணிக்கு வந்து பாருங்கள், பிள்ளைகளே அளந்து காட்டுவார்கள். மாடிக்கு ஏறும்போது செருப்பைக் கழற்ற வேண்டாம், தரை சுடும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்