ஜாவாரி தெருவின் கிளப்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரேசில் கால்பந்து என்றால் சான்டோஸ், ஃபிளமெங்கோ என்று பெரிய பெயர்களோடு நம் விளையாட்டுப் பக்கங்கள் நின்றுவிடுகின்றன. சாவோ பாவ்லோ நகரின் மூக்கா பகுதியில் இருக்கும் ஜுவென்டஸ் கிளப்பைப் பற்றியும் எழுதுங்கள். கிரெஸ்பி பஞ்சாலைத் தொழிலாளர்கள் 1924இல் தொடங்கிய கிளப் அது. பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தினர். 1930இல் கொரிந்தியன்ஸை வீழ்த்தியதும் ‘குறும்புக்காரப் பையன்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னர் 1983இல் தேசிய இரண்டாம் பிரிவுக் கோப்பையையும் வென்றது.

பெலே தம் கோல்களிலேயே மிக அழகானது என்று சொன்ன கோல், 1959 ஆகஸ்ட் 2 அன்று இவர்களுடைய ஜாவாரி தெரு மைதானத்தில், இவர்களுக்கு எதிராகவே விழுந்தது. பந்தைத் தரையில் விழவிடாமல் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் தூக்கி, கோல்கீப்பரையும் அப்படியே கடந்து, தலையால் முட்டி உள்ளே தள்ளினார். அதன் படச்சுருள் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் கணினியில்தான் மீட்டுருவாக்கினார்கள். தங்களைத் தோற்கடித்தவருக்கே மைதானத்தில் சிலை வைத்த பெருந்தன்மையை என்னவென்று பாராட்டுவது! இடைவேளையில் அங்கே இத்தாலிய இனிப்பான கன்னோலி வாங்க ரசிகர்கள் இன்றும் வரிசையில் நிற்கிறார்கள்.

இத்தகைய சிறிய கிளப்புகளுக்கு ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கமாவது ஒதுக்க வேண்டுகிறேன்.

– கால்பந்து ரசிகர் ஒருவர்