உன் வளவும் என் தாராக்களும்

உப்புவெளி, திருகோணமலை
ஆவணி கடைசி

அன்பின் ராணி,

நாங்கள் சுகம். நீங்களும் சுகம் என்று உன் தங்கை சொன்னாள், அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். மூட்டுவலி என்று பெருமைப்படாதே, எனக்கும் இருக்கிறது. இவ்வளவு காலமும் எழுதாததற்கு ஏசுவதென்றால் கடைசியில் ஏசு. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம்தான். நீ பாதியில் நிறுத்திவிட்டு ‘ஓமோம், கேட்டேன்’ என்பாய். கடிதம் என்றால் முழுக்க வாசிப்பாய். தவளையார் எழுதிய கடிதத்தையே திருப்பித் திருப்பி வாசித்தவள்தானே நீ.

விஷயம் இதுதான். உன் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவில் நிற்கிற கிளிசிரிடியா வேலியில் ஒரு கேற் போட உன் சம்மதம் வேண்டும். சின்னக் கேற். தாரா போய்வந்தால் போதும், நான் குனிந்து போவேன்.

சிரிக்காதே, முழுக்கக் கேள். 2021-ல் இரசாயன உரத்தை நிறுத்தியதும், அடுத்த வருடம் சமையல் காஸுக்கு வரிசையில் நின்றதும், வெள்ளிக்கிழமை லீவு தருகிறோம், போய்த் தோட்டம் செய் என்று அரசாங்க ஊழியர்களை அனுப்பியதும் உனக்குச் செய்தி. இவருக்கு அது வேலை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வளவுக்குள் இறங்கின மனுஷன், பென்ஷன் எடுத்த பிறகும் மேலே ஏறவில்லை. தோட்டம் அவருடையது, தாராக்கள் என்னுடையவை, சண்டை பொது.

தாரா தோட்டத்தை அழிக்கும் என்பது அவர் கட்சி. நத்தையைத் தின்னும் என்பது என் கட்சி. இரண்டும் உண்மை, அதுதான் கரைச்சல்.

மழை விட்ட காலையில் நீ பார்க்க வேண்டும். பாத்தி ஓரமாக வரிசையாக வரும். ஒன்று கத்தரிக்குக் கீழே கழுத்தை நீட்டி, ஈர மண்ணுக்குள் சொண்டை விட்டுப் பட படவென்று குடையும். சேறு நுரைக்கும். சின்ன நத்தை ஒன்று அகப்பட்டதும் அங்கேயே விழுங்காது. தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பேசினுக்கு ஓடும், பின்னால் மற்றவை எல்லாம் கத்திக்கொண்டு ஓடும். தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, தலையை அண்ணாந்து ஒரு விழுங்கு. கழுத்தில் அந்த உருண்டை இறங்குவது தெரியும். பெரிய ஆபிரிக்க நத்தையை இவற்றால் விழுங்க முடியாது, அதை நான்தான் பொறுக்க வேண்டும். ஆனால் குஞ்சு நத்தையை விட்டுவைப்பதில்லை, ஓடில்லாத வழுவழு நத்தையையும்தான். மண்ணுக்குள் இருக்கிற முட்டை கண்ணில் பட்டால் அதுவும் போச்சு. முந்தி மாரி தொடங்கினால் பப்பாசிக் கன்று ஒன்றும் மிஞ்சாது, இப்போது மிஞ்சுகிறது. இதை இவர் ஒப்புக்கொள்ள மாட்டார், அது வேறு கதை.

அவர் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். கோழி மாதிரிக் காலால் கிளறிச் செடியைப் பிடுங்கிப் போடாது என்பது சரி. ஆனால் அந்தத் தட்டைக் கால் இருக்கிறதே, நாற்றின் மேல் நடந்தால் நாற்று பாய்தான். கீரை என்றால் கேட்கவே வேண்டாம். கங்குன், வல்லாரை, பொன்னாங்காணி, முளைக்கீரை எல்லாம் தண்டோடு போகும். பழுத்த தக்காளி எட்டும் உயரத்தில் தொங்கினால் அது அவர்களுடையது. கொச்சிக்காய்ச் செடியைத் தொடுவதில்லை. முழங்காலளவு வளர்ந்த கத்தரியில் நிழலுக்குப் படுக்கும், இலையை விட்டுவிடும். வெண்டியில் கீழ் இலை இரண்டு போகும், பரவாயில்லை. மஞ்சள், ரம்பை, கறிவேப்பிலை பக்கம் போவதே இல்லை. பயிற்றையும் பாகலும் பந்தலில் ஏறிவிட்டால் கீழே தாராக்களுக்குப் பொன்னான இடம். கச்சான் காற்று அனலாக அடிக்கிற நாட்களில் பகல் முழுக்க அந்தப் பந்தலுக்குக் கீழேதான் கிடக்கும். கிடக்கிற இடத்தில் எருவும் போடும்.

இப்போது என் யோசனைக்கு வருகிறேன். ஜப்பானில் ஃபுகுவோக்காவில் தக்காவோ ஃபுருனோ என்று ஒரு விவசாயி இருக்கிறார். 1988 முதல் நெல்வயலில் தாராக்குஞ்சு விட்டுப் பயிர் செய்கிறவர். களையையும் பூச்சியையும் குஞ்சுகள் தின்னும், எச்சம் உரமாகும், கால் சேற்றைக் கலக்கும். மகன் வீடியோ காட்டினான். எனக்குப் பிடித்தது அதுவல்ல. நாற்று நட்டு வேர் பிடிக்க ஒன்றிரண்டு கிழமை விட்டுத்தான் குஞ்சுகளை இறக்குவார். கதிர் வந்ததும் வெளியே எடுத்துவிடுவார், இல்லாவிட்டால் நெல்லைத் தின்றுவிடும். எல்லாம் எப்போது விடுவது, எப்போது எடுப்பது என்பதில்தான் இருக்கிறது. நாங்களோ ஒரே வளவுக்குள் நாற்றையும் தாராவையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, யார் கேற்றைத் திறந்து விட்டது என்று சண்டை பிடிக்கிறோம்.

உன் வளவு கிடைத்தால் சண்டை தீரும். நட முந்தி உன் பக்கத்தில் தாராக்களை விட்டு நத்தையையும் புல்லையும் துப்புரவாக்க வேண்டும். நட்டதும் அவை என் பக்கம் வந்துவிடும். கத்தரியும் கொச்சிக்காயும் முழங்காலளவு வந்த பிறகு காலையில் கொஞ்ச நேரம் உள்ளே விடலாம். அறுவடை முடிந்ததும் முழுப் பாத்தியும் அவர்களுக்கு. அடுத்த போகத்துக்கு வளவை மாற்றிக்கொள்ளலாம். கீரைப் பாத்தி மட்டும் இந்த விளையாட்டில் இல்லை. பச்சை எச்சம் விழுந்த மண்ணில் வல்லாரை பிடுங்கிச் சம்பல் போட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். அந்த மண்ணைக் குறைந்தது மூன்று நான்கு மாதமாவது ஆறவிட வேண்டும். கூட்டுக்குள் சேருகிற எச்சத்தைத் தம்பலகாமத்து வைக்கோலோடு குவித்து மக்கவிடுகிறேன். பேசின் தண்ணீரைத் தினமும் வாழைக்கும் தேசிக்கும் ஊற்றுகிறேன். எங்கள் கடற்கரை மணலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஊற்றாமல் வைத்தாலும் ஆபத்து. இந்தச் சூட்டில் அழுகல் சேர்ந்த தண்ணீரைக் குடித்தால் தாராவுக்குக் கழுத்து தொங்கிவிடும், பிறகு காப்பாற்றுவது கஷ்டம்.

ராணி, கேற்றுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. போன கிழமை ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உன் முன்வேலியோரம் காலடியால் அளந்துகொண்டு போனார். நான் வாளியோடு நின்றதைக் கண்டதும், ‘இந்தக் காணி விற்கிறதுக்கோ அக்கா?’ என்றார். இல்லை, ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். ‘ஆட்களைக் காணவில்லையே’ என்று சிரித்தார். மரியாதையான மனுஷன்தான், தப்பாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. உன் அம்மா போன பிறகு அந்த வளவில் விளக்கு எரியவில்லை. வெறுங்காணி என்றால் வேலி கால் முளைத்து நடக்கும் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன மாரியில் சுகாதாரப் பரிசோதகர், அதுதான் பீ.எச்.ஐ., வந்து உன் பின்பக்கத்துச் சிரட்டைகளில் தண்ணீர் நின்றதைக் காட்டி, சொந்தக்காரர் யார் என்று என்னைத்தான் கேட்டார். பொறுக்கி எறிந்தேன். ஆனால் ஆள் நடமாட்டம் இருந்தால் இந்தக் கேள்வியே வராது. பாத்தி போட்ட காணியை யாரும் காலடியால் அளக்க மாட்டார்கள்.

காணி உறுதியை எங்கே வைத்திருக்கிறாய்? தங்கையிடம் ஒரு பிரதி கொடுத்துவை. இதைத் தள்ளிப்போடாதே, தயவுசெய்து.

சரி, கேற்றுக்கு வருவோம். உள்வேலிக்குப் பழைய மீன்வலை போதும். இரண்டடி உயரம் கட்டினால் சாதாரணத் தாரா தாண்டாது. மூஞ்சி சிவந்த பெரிய இனம் பறக்கும், அதை நான் வளர்க்கவில்லை. அம்மா பூவெடுத்த அலரிதான் எனக்கு யோசனை. அலரி நஞ்சு, இலை உதிர்ந்தால் கொத்திப் பார்க்கும். வெட்டச் சொல்லி உன்னிடம் நான் கேட்க மாட்டேன், வெட்ட எனக்கும் மனமில்லை. சுற்றிவர வலை கட்டி, இலையைக் கூட்டி அள்ளிவிடுகிறேன். பூவை வெள்ளிக்கிழமையில் பத்திரகாளி அம்மனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன், அம்மா செய்த மாதிரி.

கபரகொய்யா ஒன்று, அந்தப் பெரிய நீர் உடும்பு, உன் கிணற்றடியில் குடும்பம் நடத்துகிறது. குஞ்சுக்கும் முட்டைக்கும் எமன். அதனால் தாராக்கள் இரவில் என் பக்கத்துக் கூட்டில்தான் படுக்கும். காலையிலும் ஒன்பது மணிக்குப் பிறகுதான் திறக்கிறேன். அதற்குள் முட்டையிட்டு முடித்துவிடும். முந்தித் திறந்தால் பற்றைக்குள் இட்டுவிட்டு வந்து ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும்.

ஒரு ஆணும் ஐந்து பெண்ணும் இருக்கின்றன. பெண்கள்தான் சத்தம் போடும், ஆணுக்குத் தொண்டை கட்டின மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் மட்டும்தான் வரும். ‘இந்த வீட்டு முறையே அதுதான்’ என்கிறார் இவர். வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லியாகிறது.

குண்டு டீச்சர் உன்னை விசாரித்தார். கண் தெரிவதில்லை, வாய் அப்படியே இருக்கிறது.

ஐப்பசி மழை பிடிக்க முந்திப் பாத்தி கொத்த வேண்டும், அதற்கு முதல் தாராக்கள் உன் வளவில் கொஞ்ச நாள் நிற்க வேண்டும். ஆகவே கடிதம் கிடைத்ததும் ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல் போனில் சொல். இல்லை என்றால் கோபிக்க மாட்டேன், காணியைக் கூட்டித் துப்புரவாக்கிவிட்டு என் பாட்டில் இருப்பேன். ஓம் என்றால் கேற் செலவு என்னுடையது, கத்தரிக்காயில் பாதி உன் தங்கைக்கு. முட்டையில் பங்கு கேட்காதே. வந்து இருந்து தின்பதென்றால் பொரித்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பக்கத்து வளவுக்காரி

பி.கு.: உன் அண்ணனிடமும் கேட்க வேண்டுமென்றால் நீயே கேள். அவரோடு வேலிக்கதை கதைக்க என்னால் ஆகாது, 1989-லேயே கதைத்து முடித்துவிட்டேன்.